காகித நட்சத்திரம்: விடுதிப் பிள்ளைகள் செய்த ஒரு வீட்டு அலங்காரத்தின் வரலாறு

இந்தியாவில் எந்த நகரத்தில் குடியிருந்தாலும், டிசம்பர் மாதத்தில் ஒரு கிறிஸ்தவர் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் கேட்க வேண்டியதில்லை. வாசலில் தொங்கும் நட்சத்திரமே விலாசம். மும்பை பாந்திராவிலும் சரி, பெங்களூர் சிவாஜி நகரிலும் சரி, நம் தில்லிக் காலனிகளிலும் சரி, கார்த்திகை விளக்கு ஏற்றும் அதே நாட்களை ஒட்டி இந்த விளக்கும் வாசலுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தால் என்ன, நட்சத்திரம் என்றால் எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும்.

இந்த நட்சத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "வெள்ளைக்காரன் கொண்டு வந்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பதில் ஆகாது. எந்த வெள்ளைக்காரன்? எந்த நட்சத்திரம்? கையால் செய்த கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் உலகில் எத்தனையோ உண்டு. அவற்றுள், பிறந்த ஊரும் வளர்ந்த வழியும் ஓரளவு தெளிவாகத் தெரிந்த ஒன்று ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். தில்லியில் பல காலம் கணக்கு வாத்தியாராக இருந்து பிழைத்தவன் நான். அந்த நட்சத்திரம் ஒரு கணக்கு வகுப்பில் பிறந்தது என்பதால்தான் முதலில் அதன் பக்கம் திரும்பினேன். படிக்கப் படிக்க, கணக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதற்குள் இருப்பது தெரிந்தது. அது, பெற்றோர் ஒரு தேசத்தில், பிள்ளைகள் ஒரு தேசத்தில் என்று பிரிந்து வாழ்ந்த குடும்பங்களின் கதை. ஊரை விட்டு வந்து குடித்தனம் நடத்தும் நமக்கு அது அந்நியமான கதை அல்ல.

அகதிகள் கட்டிய ஊர்

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், போலந்து, செக் நாடுகளின் எல்லையை ஒட்டி மேல் லுசேஷியா என்றொரு பகுதி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அண்டை நாடான மொரேவியாவிலிருந்து தங்கள் விசுவாசத்துக்காகத் துன்புறுத்தப்பட்ட சிலர் எல்லை தாண்டி அங்கே வந்தார்கள். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் நிக்கோலாஸ் லூட்விக் சின்சென்டார்ஃப் என்ற பிரபு. 1700இல் பிறந்த அவருக்கு அப்போது 22 வயது. அவர் இடம் கொடுத்தார். 1722இல் வந்தவர்கள் மரத்தை வெட்டி வீடு கட்ட ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஹெர்ன்ஹூட் என்று பெயர் வைத்தார்கள். 'ஆண்டவரின் காவல்' என்பது போன்ற பொருள் தரும் பெயர். ஆக, அந்த ஊரே புலம்பெயர்ந்தவர்கள் கட்டிய ஊர்தான்.

இந்த மக்களை மொரேவியர் என்றும், சகோதரர் சபையார் என்றும் அழைப்பார்கள். தச்சர், நெசவாளர், குயவர் என்று கைத்தொழில் தெரிந்தவர்களே அவர்களில் அதிகம். ஊர் எழும்பிப் பத்தே ஆண்டுகளில், 1732இல், இரண்டு பேர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு மிஷனரிகளாகக் கிளம்பினார்கள். 1733இல் கிரீன்லாந்து, 1735இல் சூரினாம், 1737இல் தென்னாப்பிரிக்கா என்று வரிசையாகப் போனார்கள். சில நூறு பேர் வாழ்ந்த ஒரு சிற்றூர் இத்தனை திசைக்கும் ஆள் அனுப்பியது வியப்புக்குரியது.

பிள்ளைகளுக்கென்று விழாவில் ஒரு இடம் ஒதுக்கும் வழக்கமும் அவர்களிடம் ஆரம்ப காலத்திலேயே இருந்தது. 1747இல் மாரியன்போர்ன் என்ற ஊரில் நடந்த கிறிஸ்துமஸ் ஆராதனையில், ஒவ்வொரு குழந்தையின் கையிலும் சிவப்பு நாடா கட்டிய ஒரு மெழுகுவர்த்தி கொடுக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் முந்தின நாள் இரவில் பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஏந்தும் வழக்கம் அந்தச் சபையில் இன்றும் உண்டு. நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே அதற்கான மண் பதப்பட்டிருந்தது எனலாம்.

தரங்கம்பாடியோடு ஒரு தொடர்பு

இந்த இடத்தில் தமிழ்நாடு வருகிறது. வலிந்து இழுத்து வருவதாக நினைக்க வேண்டாம், உண்மையாகவே வருகிறது.

சின்சென்டார்ஃப் 10 வயதில் ஹாலே நகரத்துப் பள்ளியில் சேர்ந்தார். அந்தப் பள்ளியை நடத்தியவர் ஃபிராங்கே என்ற பேராசிரியர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் ஹாலேயில் பயின்றவரே. தமிழ் மண்ணிலிருந்து வரும் கடிதங்களும், ஓலைச்சுவடிகளும், விடுப்பில் திரும்பி வரும் மிஷனரிகளும் போய்ச் சேரும் இடம் ஹாலேதான். அப்படிச் சேர்ந்த தமிழ்ச் சுவடிகள் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. தரங்கம்பாடிக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன்தான், பின்னால் ஹெர்ன்ஹூட்டிலிருந்து நாலு திசைக்கும் ஆள் அனுப்பிய பிரபு ஆனார். அவர் மனத்தில் விழுந்த விதைகளில் ஒன்று நம் கடற்கரையிலிருந்து போனது என்று சொல்வதில் தப்பில்லை.

அந்தச் சபையாரே 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். அப்போது அது டேனிஷ்காரர்களின் ஊர். பொறையாறுக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, தோட்டம் போட்டு, கைத்தொழில் செய்து வாழ்ந்தார்கள். அந்த இடத்தைச் 'சகோதரர் தோட்டம்' என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். நிக்கோபார் தீவுகளுக்குப் போவதே அவர்கள் முக்கிய நோக்கம். 1768இல் போனார்கள். காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். 1787இல் தீவைக் கைவிட்டார்கள். தரங்கம்பாடியிலும் ஏற்கெனவே இருந்த ஹாலேக்காரர்களுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் தோட்டத்தையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் தரங்கம்பாடியை விட்டுப் போன பிறகுதான் ஜெர்மனியில் அந்த நட்சத்திரம் பிறக்கிறது. ஆகவே, "மொரேவியர்கள் தரங்கம்பாடிக்கு வந்தார்கள், நட்சத்திரம் கொண்டு வந்தார்கள்" என்று யாராவது எழுதினால் காலக்கணக்கு ஒத்து வராது. ஆட்கள் வந்தார்கள், நட்சத்திரம் வரவில்லை.

விடுதியில் வளர்ந்த பிள்ளைகள்

உலகின் மூலை முடுக்கெல்லாம் போன இந்த மிஷனரிகள் குடும்பத்தோடு போனவர்கள். போன இடத்தில் பிள்ளை பிறக்கும். ஆறேழு வயது ஆனதும் பிள்ளையைக் கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவார்கள். வெப்ப நாட்டுக் காய்ச்சல் ஒரு காரணம், படிப்பு ஒரு காரணம். பெற்றோர் ஊழியத்தில் கவலையின்றி இருக்க வேண்டும் என்ற சபையின் எண்ணம் இன்னொரு காரணம். அப்படி வந்த பிள்ளைகளை வளர்க்கச் சபையே விடுதிப் பள்ளிகள் நடத்தியது. அவற்றுள் ஒன்று நீஸ்கி என்ற ஊரில் இருந்தது. 1742இல் பொஹீமிய அகதிகள் ஏற்படுத்திய ஊர் அது. 'தாழ்வான இடம்' என்று பொருள்.

கிரீன்லாந்துக்கோ சூரினாமுக்கோ கடிதம் போய்ப் பதில் வர மாதக் கணக்கில் ஆன காலம் அது. சில துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு கப்பல். ஆறு வயதில் அம்மாவைப் பிரிந்த பிள்ளை மறுபடி பார்க்கும்போது பெரிய ஆளாகியிருப்பான். பார்க்காமலே போனவர்களும் உண்டு. இதைப் பக்தியின் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தியாகம் செய்தது பெற்றோர் மட்டும் அல்ல. யாரும் சம்மதம் கேட்காத அந்தக் குழந்தைகளும்தான்.

அந்த விடுதியில்தான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், ஓர் ஆசிரியர் வடிவியல் பாடம் நடத்த ஒரு வழி கண்டுபிடித்தார். கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினால் பையன்களுக்குத் திண்ம உருவம் மனதில் ஏறவில்லை. காகிதத்தையும் அட்டையையும் கையில் கொடுத்து வெட்டி ஒட்டச் சொன்னார். பல முகங்கள் கொண்ட ஒரு பந்து. ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு கூர்ங்கூம்பு. எல்லாம் சேர்ந்தால் நட்சத்திரம். பள்ளியின் 50ஆம் ஆண்டு விழாவுக்கு 110 கூர்கள் கொண்ட ஒரு நட்சத்திரம் செய்து தொங்கவிட்டார்கள் என்றால், பையன்கள் எவ்வளவு தேறிவிட்டார்கள் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

பிறகு அது பாடமாக மட்டும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிற்றுக்கிழமைகளைத் திருவருகைக் காலம் என்பார்கள். அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அந்த ஞாயிறு வந்தால் விடுதி அறைகளில் பிள்ளைகள் உட்கார்ந்து, வெள்ளையும் சிவப்புமான காகிதத்தில் தங்கள் நட்சத்திரத்தைச் செய்து மாட்டுவார்கள். தூய்மைக்கு வெள்ளை, கிறிஸ்து சிந்திய இரத்தத்துக்குச் சிவப்பு. மத்தேயுவின் சுவிசேஷத்தில் கிழக்கிலிருந்து சாஸ்திரிகளுக்கு வழி காட்டிய நட்சத்திரத்தை அது நினைவூட்டியது. வளர்ந்து, கல்யாணம் ஆகி, குடித்தனம் வைத்தபோது அந்தப் பிள்ளைகள் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். வீட்டு அலங்காரங்கள் பெரும்பாலும் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். இது தலைகீழாக, பிள்ளைகளிடமிருந்து வீட்டுக்குள் வந்தது.

கொஞ்சம் கணக்கு

இன்று பரவலாகச் செய்யப்படும் ஹெர்ன்ஹூட் நட்சத்திரத்துக்கு 25 கூர்கள். அதன் உள்ளே இருக்கும் உருவம் ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கும் திண்மங்களில் ஒன்று. 18 சதுரம், 8 சமபக்க முக்கோணம், ஆக 26 முகங்கள். 1509இல் லூக்கா பாச்சோலி அச்சிட்ட கணித நூலுக்கு லியனார்டோ டா வின்சி வரைந்து கொடுத்த உருவங்களில் இதுவும் உண்டு. ஒரு சதுரத்தை மட்டும் விளக்கு நுழைக்கவும் தொங்கவிடவும் திறந்து விட்டுவிட்டால், மீதி 17 சதுரக் கூர், 8 முக்கோணக் கூர்.

இந்த உருவத்தின் ஒவ்வொரு மூலையிலும் மூன்று சதுரமும் ஒரு முக்கோணமும் சந்திக்கின்றன. சதுரத்தின் கோணம் 90 பாகை, முக்கோணத்தின் கோணம் 60 பாகை. கூட்டினால் 330. தரையில் தட்டையாகப் படுக்க வேண்டுமென்றால் 360 வேண்டும். 30 பாகை குறைகிறது. அந்தக் குறைதான் காகிதத்தை வளைய வைக்கிறது. மொத்தம் 24 மூலைகள். 24ஐ 30ஆல் பெருக்கினால் 720. எந்தப் பன்முகப் பந்தை எடுத்தாலும், எல்லா மூலைகளின் குறையையும் கூட்டினால் இதே 720தான் வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இதை எழுதிக் காட்டினால் கொட்டாவி விடுவான். கையில் அட்டையைக் கொடுத்து மடிக்கச் சொன்னால் கண் விரியும். நீஸ்கி ஆசிரியரின் சூட்சுமம் அதுதான்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகச் சில அளவுகள் தருகிறேன். நானே பேரப்பிள்ளைகளோடு செய்து பார்த்தவை. கொஞ்சம் தடித்த வெள்ளைத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கூம்பின் அடிப்பக்கம் 5 செ.மீ., உயரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நடுப்பந்து சுமார் 12 செ.மீ., கூருக்குக் கூர் மொத்த அகலம் சுமார் 42 செ.மீ. வரும். சதுரக் கூருக்கு நாலு முக்கோணப் பக்கம், முக்கோணக் கூருக்கு மூன்று. ஆக மொத்தம் 92 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒட்டுவதற்கு அரை அங்குலம் ஓரம் விட வேண்டும். எட்டுச் சதுரக் கூர்களை வட்டமாக ஒட்டுங்கள். அதுதான் இடுப்பு. அதற்குக் கீழே நாலு சதுரம், நாலு முக்கோணம் என்று மாற்றி மாற்றி ஒட்டி, அடியில் ஒரு சதுரத்தால் மூடுங்கள். மேலேயும் அப்படியே நாலு, நாலு. உச்சிச் சதுரம் திறந்தே இருக்கட்டும். மொத்தம் 44 ஒட்டுகள். உள்ளே சூடேறாத சின்ன எல்.இ.டி. பல்பு மட்டும் போதும். காகிதத்துக்குள் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

ஒரே மூச்சில் முடியுற வேலை இல்லை இது. இரண்டு மூன்று சாயங்காலம் ஆகும். முதல் நாள் பிள்ளைங்க சலிச்சுக்கும். இடுப்பு வட்டம் முடிஞ்சு கையில் நிற்கும்போது எழுந்திருக்கவே மாட்டாங்க.

கடைக்கு வந்த கதை

எந்தக் கைவினைக்கும் ஒரு நாள் கடை வாசல் வந்தே தீரும். ஹெர்ன்ஹூட்டில் புத்தகக் கடை நடத்திய பீட்டர் ஹெண்ட்ரிக் வெர்பேக் என்பவர், சபையின் பள்ளியில் படிக்கும்போது நட்சத்திரம் செய்யக் கற்றவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நட்சத்திரங்களையும் அவற்றைச் செய்யும் குறிப்புகளையும் கடையில் விற்க ஆரம்பித்தார். 1897ஆம் ஆண்டு வாக்கில் ஒரு நல்ல மாற்றமும் செய்தார். நடுவில் உலோகத் தகட்டுக் கூடு, அதன் விளிம்புகளில் காகிதக் கூர்களைச் செருகிக்கொள்ளலாம். வேண்டாதபோது கழற்றி அடுக்கலாம், பெட்டியில் போட்டுத் தபாலிலும் அனுப்பலாம். அவர்கள் 1925இல் கூடே இல்லாமல், கூர்களே ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வடிவத்துக்கு உரிமை பதிவு செய்து, தனி நிறுவனம் ஆக்கினார்கள்.

கழற்றி மாட்டலாம் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வாடகை வீடு மாறி மாறிப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் பண்டிகை முடிந்ததும் நட்சத்திரம் பிரிந்து பெட்டிக்குள் போய்விடும். அடுத்த ஆண்டு பிள்ளைகள் அதை மறுபடி கூட்ட வேண்டும். வாங்கிய பொருளாக இருந்தாலும் ஆண்டுதோறும் ஒரு மணி நேரக் கைவேலையை அது விடாமல் கேட்கிறது. தொழிற்சாலைக்குப் போன பிறகும் கைவினையின் உயிர் கொஞ்சம் மிஞ்சியது அதனால்தான்.

இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்களில், 1945 மே மாதம், ஹெர்ன்ஹூட்டின் நடு ஊர் தீக்கிரையானது. பிறகு கிழக்கு ஜெர்மனி அரசு நட்சத்திரத் தொழிலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடவுள் பேச்சே பிடிக்காத அரசு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்தது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. பின்னர் தொழில், சபைக்குச் சொந்தமான ஆப்ரகாம் டூர்னிங்கர் நிறுவனத்திடமே திரும்பி வந்தது. அந்த நிறுவனம் 1747இல் தொடங்கியது. இன்றும் அங்கே காகித நட்சத்திரத்தின் கூர்களைக் கையால் மடித்து ஒட்டுகிறார்கள்.

சபையார் குடியேறிய இடமெல்லாம் நட்சத்திரமும் பின்னாலேயே போனது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவர்கள் கட்டிய ஊருக்கு 1741 கிறிஸ்துமஸ் முந்தின இரவில் சின்சென்டார்ஃபே பெத்லகேம் என்று பெயர் வைத்தார். வடகரோலினாவில் 1766இல் சேலம் என்ற ஊரைக் கட்டினார்கள். நம் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அது எருசலேமின் பழைய பெயர். இந்த ஊர்களில் வீட்டு முகப்புகளில் 26 முக நட்சத்திரம் இன்றும் டிசம்பர் மாதத்து அடையாளம். இந்தியாவிலும் அச்சபையார் 1856இல் இமயத்தின் கேலாங்கிலும் 1885இல் லடாக்கின் லே நகரத்திலும் இடம் பிடித்தார்கள். லே நகரத்தில் அவர்கள் சபை இன்றும் இருக்கிறது. லாஹூல் பெண்கள் பின்னும் அழகான கம்பளிக் காலுறைகளுக்கும் கேலாங் மிஷனரியின் மனைவி சொல்லிக் கொடுத்த பின்னல் வகுப்பே தொடக்கம். கைவேலையை வீட்டோடு சேர்ப்பது அவர்கள் சுபாவம் போலும்.

நம் தில்லிக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு 2024 ஜூலையில் கூடியது நம் தில்லியில், பாரத் மண்டபத்தில். டென்மார்க்கில் மொரேவியர் கட்டிய கிறிஸ்டியன்ஸ்ஃபெல்ட் என்ற ஊர் 2015லேயே பட்டியலில் இடம் பெற்றிருந்தது. தில்லிக் கூட்டத்தில்தான் அதோடு ஹெர்ன்ஹூட், அமெரிக்க பெத்லகேம், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில் ஆகிய மூன்று ஊர்களும் சேர்க்கப்பட்டன.

நம் வாசல் நட்சத்திரம் யாருடையது?

இனி நம் வீட்டு நட்சத்திரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கோவாவிலும் மும்பையிலும் வாசலில் தொங்கும் நட்சத்திரமும் ஹெர்ன்ஹூட் நட்சத்திரத்தின் வாரிசுதான் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உருவத்தைப் பிரித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

நம் ஊர் நட்சத்திரத்துக்கு மூங்கில்தான் எலும்பு. மூங்கிலைப் பிளந்து சீவிய பத்துக் குச்சிகள். ஐந்தைந்தாகக் கட்டினால் இரண்டு ஐமுனை நட்சத்திரம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளிலும் நூலால் கட்டி, நடுவில் உள்ள ஐங்கோணத்தின் ஐந்து மூலைகளிலும் சின்னக் கட்டை கொடுத்து விரித்தால், வயிறு உப்பிய நட்சத்திரம் எழும்பும். அதன்மேல் மைதாப் பசை காய்ச்சி வண்ணத்தாள் ஒட்டுவார்கள். வால் வேண்டுமென்றால் தாளை நறுக்கித் தொங்கவிடுவார்கள். இதில் கணக்கு வகுப்பு இல்லை, பன்முகப் பந்தும் இல்லை. பட்டம் கட்டத் தெரிந்த கை இருக்கிறது.

மராட்டியர்கள் தீபாவளிக்குக் கட்டும் ஆகாஷ் கந்தீலும் மூங்கிலும் காகிதமுமாக இதே கைப்பழக்கத்தில் வருவதுதான். பிலிப்பைன்ஸ் நாட்டில் கிறிஸ்துமஸுக்குக் கட்டும் 'பரோல்' என்ற நட்சத்திர விளக்கும் பழைய முறையில் மூங்கில் சட்டமும் காகிதமும்தான். விளக்கு என்று பொருள்படும் 'ஃபரோல்' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. விழாவும் பெயரும் ஐரோப்பாவிலிருந்து வந்தன, செய்யும் கை ஆசியாவுடையது. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மூங்கிலும் காகிதமும் நூலும் கிடைக்கும் நாட்டில், நட்சத்திரம் வேண்டும் என்று கேட்டால் கை இப்படித்தான் பதில் சொல்லும். பைன் மரம் கிடைக்காத தமிழ்நாட்டில் சவுக்குக் கிளையை வெட்டி வந்து கிறிஸ்துமஸ் மரம் வைத்ததும், பெத்லகேம் தொழுவத்தை வைக்கோல் வேய்ந்த குடிலாகவே கட்டியதும் இதே நியாயம்தான்.

ஆகவே வாசல் நட்சத்திரத்தை இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்குவதும் சரியில்லை, எங்கோ ஜெர்மனியில் பிறந்ததன் நகல் என்று தாழ்த்துவதும் சரியில்லை. விசுவாசம் ஒரு வழியாக வந்தது. கைவினை இங்கேயே இருந்தது. இரண்டும் நம் திண்ணையில் சந்தித்தன.

இதில் நமக்கு என்ன?

இப்போது கடையில் எல்லாம் கிடைக்கிறது. துளையிட்டு வண்ணத்தாள் ஒட்டிய மடிப்பு நட்சத்திரம், பிளாஸ்டிக் நட்சத்திரம், விட்டு விட்டு எரியும் எல்.இ.டி. நட்சத்திரம். வாங்கி மாட்ட ஐந்து நிமிஷம் போதும். வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பும் குடும்பத்தில், மைதாப் பசை காய்ச்சு என்று உபதேசம் செய்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம்.

ஆனாலும் நீஸ்கிப் பிள்ளைகளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் படுகிறது. அவர்களுக்கு வீடு கிடையாது, விடுதி அறைதான். அம்மா கையால் எதுவும் வராது. யாரோ செய்து கொடுத்த அலங்காரத்தை மாட்டியிருந்தால் அந்த அறை விடுதியாகவே இருந்திருக்கும். தங்கள் கையால் செய்து மாட்டிய பிறகு, அந்த ஒரு மாதமாவது அது அவர்களுடைய இடம் ஆயிற்று. பிரிவை அந்த நட்சத்திரம் தீர்க்கவில்லை. தீர்த்தது என்று சொன்னால் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். இருக்கும் இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ள ஒரு வழி காட்டியது, அவ்வளவுதான். அந்த அளவுகூட எளிதில் கிடைப்பதில்லை.

நம் குடும்பங்களில் பிரிவு வேறு மாதிரி. பிள்ளைகள் நம்மோடு இருக்கிறார்கள். தாத்தா பாட்டி திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் தஞ்சாவூரிலும் இருக்கிறார்கள். நவராத்திரிக் கொலு ஆகட்டும், பொங்கல் கோலம் ஆகட்டும், கிறிஸ்துமஸ் குடில் ஆகட்டும், "அதெல்லாம் ஊர்ல பண்ணுவாங்க, இங்கே எதுக்கு?" என்று விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் வளர்ந்திருக்கிறது. அதன் விளைவு என்னவென்றால், பிள்ளைகளுக்குப் பண்டிகை என்பது ரயில் டிக்கெட் கிடைத்தால் மட்டும் நடக்கும் ஒரு விஷயம் ஆகிவிடுகிறது. டிக்கெட் கிடைக்காத ஆண்டில் பண்டிகையும் இல்லை.

அதனால் ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். இந்த ஆண்டு திருவருகைக் காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சாயங்காலம் நட்சத்திரம் செய்யட்டும். மூங்கில் நட்சத்திரம் கட்டத் தெரிந்த பெரியவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை முன்னால் உட்கார வைப்போம். 25 கூர் நட்சத்திரத்தின் கணக்கைச் சொல்லித் தர நான் வருகிறேன். மற்ற குடும்பத்துப் பிள்ளைகளும் வரட்டும், ஒட்டுவதற்கு ஆள் வேண்டும். 25 கூர்களில் இரண்டுக்கான தாளை வெட்டி, மடிப்புக் கோடு போட்டு, முன்கூட்டியே ஊருக்குத் தபாலில் அனுப்பிவிட்டால், பாட்டி மடித்து ஒட்டித் திருப்பி அனுப்புவார். சதுரக் கூரா முக்கோணக் கூரா என்று மட்டும் மறக்காமல் மேலே எழுதி அனுப்புங்கள்.